எதிரிக்குப் பதினேழு

வெர்னா டெக்கர் முதன்முதலாகப் போர் பார்க்க வந்த அன்று, அவளுடைய கணவன் வாயால் சுட்டுக்கொண்டிருந்தான்.

லோர்னுக்கு வேறு வழியில்லை. அவனுடைய தோட்டாப் பை காலியாகி ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. அவனுடையது மட்டுமல்ல. ஹாலவே ஊர்ப்படையில் அன்று நின்ற பதினெட்டுப் பேரில் பதினோரு பேரிடம் ஒரு தோட்டாகூட மிச்சமில்லை. எதிரே நீலச் சட்டை அமெரிக்கர்கள் ஓடைப் பாலத்தின்மேல் வரிசை கலையாமல் வந்துகொண்டிருந்தார்கள். லோர்ன் துப்பாக்கியைத் தோளில் அழுத்தி, விசையை இழுத்து, "டுமீல்!" என்று கத்தினான். பக்கத்தில் நின்ற நானும் கத்தினேன். கயிற்றுக்கு அந்தப்புறம் புல்லில் உட்கார்ந்திருந்த கூட்டம் சிரித்தது. ஒருவர் எழுந்து நின்று கைதட்டினார்.

வெர்னா சிரிக்கவில்லை. மடக்கு நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரும்பி வரும்போது வண்டியில் நானும் இருந்தேன். அவர்கள் வீட்டுக்கு எதிர்வீடு என்னுடையது. லோர்னும் நானும் பள்ளியில் ஒரே வகுப்பு.

"ஆளுக்கு எத்தனை கொண்டு போனீங்க?" என்றாள்.

"இருபது" என்றான் லோர்ன்.

"இருபதுன்னு யாரு கணக்குப் போட்டது?"

"யாரும் போடல. போன வருஷம் பதினெட்டு சுட்டோம். ரெண்டு கூட வெச்சோம்."

"நாப்பது பேரு விருந்துக்கு நாப்பது தட்டு மட்டும் சமைச்சா என்னாகும் தெரியுமா?"

"என்னாகும்?"

"இன்னிக்கு ஆச்சுல்ல, அதுதான்."

அவளுக்கு அதைச் சொல்லத் தகுதி இருந்தது. ஹாலவே ஊர்க் கூடத்தின் சமையலறை முப்பது வருடத்துக்கு மேல் அவள் கையில்தான் இருந்தது. இலையுதிர் காலத்து மாட்டிறைச்சி விருந்து, தீயணைப்பு வீரர்களின் காலை உணவு, கல்யாணம், சாவு, எல்லாமே அவள்தான். சாவுக்கு வருபவர்களுக்கு எத்தனை ரொட்டி வெட்ட வேண்டும் என்பதை இறந்தவரின் பெயரைக் கேட்டதும் சொல்லிவிடுவாள். "நல்ல மனுஷன். இருநூறு வெட்டு. இல்ல, இரு, விதைப்பு நேரம், பாதிப் பேரு வயல்ல இருப்பான். நூத்தி அறுபது." அவள் சொன்னால் நூற்று ஐம்பத்தைந்து தீரும்.

அடுத்த வாரமே ஊர்ப்படையின் தலைவர் கீத் அபட்டைத் தேடிப் போனாள். கீத் உயர்நிலைப் பள்ளியில் வரலாறு சொல்லிக் கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் சொல்லிக் கொடுப்பதை நிறுத்தவில்லை. ஆயிரத்து எண்ணூற்றுப் பதினான்கில் அமெரிக்கர்கள் ஏரியைக் கடந்து எங்கள் நாட்டுக்குள் வந்து எங்கள் மாவு ஆலையைக் கொளுத்தியதை, ஏதோ தன் கொல்லையில் நேற்று நடந்ததைப் போலச் சொல்வார். எங்கள் ஊர்ப்படை அன்று நாற்பது நிமிடம் பாலத்தைக் காத்து, பிறகு ஓட்டம் பிடித்தது. அதைத்தான் வருடா வருடம் ஜூன் மாதத்தில் இரண்டு நாள் நடித்துக் காட்டுகிறோம்.

"தோட்டா இனிமே நான் பாத்துக்கறேன்" என்றாள் வெர்னா.

"உனக்கு வெடிமருந்து நிரப்பத் தெரியுமா?"

"மாவு அளக்கத் தெரியும். நீ ஒரு தடவ காட்டு."

அப்படித்தான் வெர்னா எங்கள் தோட்டாக்காரி ஆனாள். வெற்றுத் தோட்டா என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு மரக்குச்சியில் காகிதத்தைச் சுற்றிக் குழாயாக்கி, ஒரு முனையை நூலால் கட்டி, அளவாகக் கருமருந்தைப் போட்டு, மறுமுனையை முறுக்கிவிட வேண்டும். குண்டு கிடையாது. சுடுபவன் பல்லால் கிழித்து, சக்கிமுக்கிக் கல்லுக்குக் கீழே இருக்கிற கிண்ணத்தில் ஒரு துளி மருந்து வைத்து, மீதியைக் குழலுக்குள் கொட்டுவான். காகிதத்தைக் கீழே போட்டுவிடுவான். அதுவும் குண்டு மாதிரிப் பாயும் என்பதால், அதைக் குழலுக்குள் திணிப்பவனைக் கீத் களத்தை விட்டே அனுப்பிவிடுவார்.

குளிர்காலத்தில் தொலைக்காட்சியில் ஹாக்கி ஓடும்போது வெர்னா காகிதக் குழாய்களைச் சுற்றினாள். எங்கள் வட்டாரத்து வாரப் பத்திரிகைதான் காகிதம். பனி கரைந்ததும், அடுப்பு இல்லாத கொட்டகையில், லோர்னைச் சிகரெட்டோடு முப்பதடிக்கு அப்பால் நிறுத்திவிட்டு மருந்து நிரப்பினாள். எங்கள் தோட்டாக்களில் இறப்பு அறிவிப்பும் பன்றித் தீவன விளம்பரமும் இருக்கும். எங்கள் படையில் இருக்கிற வெண்டல் ஒருமுறை களத்தில் தோட்டாவைக் கிழிக்காமல் கையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். கேட்டதற்கு, "எங்க சித்தப்பா படம் வந்திருக்குடா" என்றான்.

சுற்றுவது சுலபம். எத்தனை சுற்றுவது என்பதுதான் பாடு. முதல் வருடம் வெர்னா ஒவ்வொருவரிடமும் போய், "உனக்கு எத்தனை வேணும்?" என்று கேட்டாள். கேட்டது தப்பு என்று பிறகு அவளே சொன்னாள். "பசியோட இருக்கிறவன்கிட்டப் போய் எவ்வளவு சாப்பிடுவேன்னு கேக்கக் கூடாது." அவர்கள் சொன்னபடியே ஒரு நாளைக்கு ஆளுக்கு அறுபது கொண்டுவந்தாள். பெட்டியைத் தூக்கியதில் எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

அந்த வருடப் போர் இன்றைக்கும் ஊரில் பேச்சு. நாற்பது நிமிடத்தில் ஓடவேண்டிய நாங்கள் ஒன்றேகால் மணி நேரம் நின்றோம். பையில் தோட்டா இருக்கிறவரை எவனுக்கும் சாக மனம் வரவில்லை. புகை மண்டி, பார்க்க வந்தவர்களுக்குக் களமே தெரியவில்லை. பாலத்துக்கு அந்தப்பக்கம் அமெரிக்கர்கள் கம்பளிச் சட்டையோடு வெயிலில் வெந்துகொண்டு, நாங்கள் எப்போது தோற்போம் என்று காத்திருந்தார்கள். "டேய், செத்துத் தொலைங்கடா! பஸ்ஸுக்கு நேரமாச்சு!" என்று அவர்களில் ஒருவன் கத்தியது கூட்டத்துக்கே கேட்டது.

"குறைஞ்சா நமக்கு வெட்கம். கூடினா சரித்திரமே மாறிப்போகுது" என்றார் கீத், கவலையோடு.

பிறகு வெர்னா யாரையும் கேட்பதை விட்டுவிட்டாள். பார்க்க ஆரம்பித்தாள். நீளப் பாவாடையும் துணித் தொப்பியும் மாட்டிக்கொண்டு, தண்ணீர் வாளியோடு எங்கள் வரிசைக்குப் பின்னால் வேலியோரம் நின்றுகொள்வாள். யார் எத்தனை சுட்டான் என்று ஒரு சின்ன நோட்டில் கோடு போடுவாள். வெண்டல் பனி வாரும் வண்டி ஓட்டுபவன். முன்னால் இருப்பதை எல்லாம் தள்ளி முடித்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். முப்பத்தெட்டு. கீத் ஏழுக்கு மேல் சுட்டதில்லை, பேசவே நேரம் சரியாக இருக்கும். லோர்ன் இருபத்தாறு. நான் இருபத்திரண்டு, கல் சரியாகப் பொறி தட்டாமல் நான் விழித்துக்கொண்டு நின்ற தடவைகளையும் அவள் தனியாகக் குறித்திருந்தாள். மூன்று கோடைக்குப் பிறகு முடிவுக்கு வந்தாள். ஆளுக்கு ஒரு போருக்கு முப்பது. அதற்குமேல் கேட்பவனுக்கு முறைப்பு.

ஆனால் முப்பதோடு அவள் மனம் ஆறாது. பெட்டிக்கு அடியில் ஒரு துணிப் பையில் இன்னும் இருநூற்றுச் சொச்சம் எப்போதும் இருக்கும். அது லோர்னுக்குக்கூடத் தெரியாது. பெட்டியைத் தூக்குகிறவன் என்பதால் எனக்குத் தெரியும். "வாயத் திறந்தா உனக்கு இருபதுதான்" என்று சொல்லி வைத்திருந்தாள்.

இப்படி ஒன்பது வருடம் போனது. ஒன்பது வருடத்தில் அவள் ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. "சத்தம் கேக்குறதே போதும்" என்பாள்.

பத்தாவது வருடம் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் எதிரிகள் ஏரிக்கு அக்கரையிலிருந்து, பென்சில்வேனியாவிலிருந்து வருபவர்கள். அவர்களுடைய தலைவன் டுவேன் கோவால்ஸ்கி வீடுகளுக்குக் கூரை போடுபவன். பெரிய உடம்பு, பெரிய குரல், யாரைக் கண்டாலும் கட்டிப்பிடிப்பவன். வழக்கமாகப் பதினைந்து பேர் வருவார்கள். எல்லை தாண்டி மருந்து கொண்டுவருவதற்கு எழுத்து வேலை அதிகம் என்பதால், அவர்களுக்கான தோட்டாவையும் வெர்னாவே சுற்றி வைப்பாள். அந்த வருடம் டுவேன் மார்ச் மாதமே தொலைபேசியில் கூப்பிட்டான். நான் அப்போது அவர்கள் சமையலறையில் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

"வெர்னா, இந்தத் தடவ முப்பத்தி நாலு பேரு வரோம்! ஆனா நீ கஷ்டப்படாத. அனுமதிச் சீட்டு எல்லாம் நானே வாங்கிட்டேன். எங்க மருந்த நாங்களே கொண்டு வரோம்."

"நிஜமாவா? பக்கத்துக்குப் பக்கம் படிச்சுப் பாத்தியா?"

"என்னை என்னன்னு நினைச்ச?"

"கூரை போடுறவன்னு நினைச்சேன்."

டுவேன் சிரித்த சிரிப்பு தொலைபேசியைத் தாண்டி எனக்குக் கேட்டது.

ஆகவே வெர்னா எங்கள் இருபத்திரண்டு பேருக்கு மட்டும் சுற்றினாள். ஆளுக்கு முப்பது, இரண்டு நாள், ஆயிரத்து முன்னூற்றிருபது. துணிப் பையில் இருநூற்றெண்பது. ஆக ஆயிரத்து அறுநூறு.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மூன்று வண்டிகளில் அமெரிக்கர்கள் வந்து இறங்கினார்கள். டுவேன் யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நேராக எங்கள் கூடாரத்துக்கு வந்தான்.

"துப்பாக்கி இருக்கு" என்றான். "ஆளு இருக்கோம். மருந்துதான் இல்ல."

"எங்க போச்சு?" என்றார் கீத்.

"அக்கரையில என் மச்சான் வீட்டுக் கொட்டகையில இருக்கு. சீட்டுல போன வருஷத் தேதி போட்டிருக்கேன். நான்தான் போட்டேன், என் கையெழுத்துதான். எல்லையில அந்தப் பொண்ணு ரொம்ப மரியாதையாத்தான் சொல்லிச்சு. 'சார், இதுபடி நீங்க போன வருஷமே வந்துட்டுப் போயிட்டீங்க'ன்னு."

போர் இரண்டு மணிக்கு. மேய்ச்சல் நிலத்தில் அதற்குள் கார்கள் வரிசையாக நிற்கத் தொடங்கிவிட்டன. வட்டாரத்தில் கருமருந்து விற்கிற ஒரே ஆள் மகள் கல்யாணத்துக்காக வடக்கே போயிருந்தார். கீத் அவரைக் கூப்பிட்டுப் பார்த்தார். தேவாலய மணிச் சத்தம்தான் கேட்டதாம்.

வெர்னா டுவேனைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"என்னது?"

"முப்பத்தி நாலு பேரும் ஏதாவது சாப்பிட்டீங்களான்னு கேட்டேன்."

"விடிகாலையில ஒரு டோனட்…"

"முதல்ல எல்லாரும் போய் உக்காருங்க. ரொட்டியும் பன்றிக் கறியும் சூடா இருக்கு. மத்தது அப்புறம்."

அவர்கள் சாப்பிடப் போனதும் அவள் பெட்டியைத் திறந்து, அடியில் இருந்த துணிப் பையை வெளியே எடுத்தாள். லோர்ன் வாயைப் பிளந்தான்.

"இது எப்ப வந்துச்சு?"

"வருஷக் கணக்கா இருக்கு."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல!"

"சொன்னா இருக்குமா?"

பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். ஐம்பத்தாறு பேர். இரண்டு போர். சரிசமமாகப் பிரித்தால் ஆளுக்குப் பதினான்கு. பதினான்கு தோட்டாவை வெண்டல் ஏழு நிமிடத்தில் முடித்துவிடுவான்.

"அவங்களுக்கு எதுக்குத் தரணும்?" என்றான் வெண்டல். "தேதி போடத் தெரியாதவன் வாயால சுடட்டும். லோர்ன் கத்துக்குடுப்பான்."

லோர்னைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

"நான் நிஜமாத்தான் கேக்குறேன். நம்ம மருந்த அவன் கையில குடுத்து, அவனை நம்மளச் சுடச் சொல்லி, நாம ஓடணுமா? இது எந்த ஊரு நியாயம்?"

"வெண்டல்" என்றாள் வெர்னா நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "உன் கல்யாணத்துக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க சொன்னது எழுபது பேரு. வந்தது எத்தனை பேரு?"

வெண்டல் தொப்பியின் விளிம்பை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"ரெண்டு பஸ்ஸு. நூத்திப் பதினஞ்சு பேரு. யாரையாவது வெளிய நிக்க வெச்சேனா?"

"இல்ல."

"உனக்குத் தெரிஞ்சுதா?"

"கறித் துண்டு மெல்லிசா இருந்துச்சு" என்றான் வெண்டல்.

"அவ்வளவுதான். மெல்லிசா வெட்டப் போறேன்."

கால் மணி நேரம் அவள் எழுதினாள், அடித்தாள், எழுதினாள். பிறகு கீத்தையும் டுவேனையும் கூப்பிட்டாள். டுவேன் வாயில் ரொட்டியோடு வந்தான்.

"ஜெயிக்கிறது அவங்க. கடைசிச் சத்தம் அவங்க பக்கம்தான் கேக்கணும். நாம நிறைய வெச்சுக்கிட்டா ஓட மாட்டோம், அது எனக்குத் தெரியும். அதனால அவங்களுக்கு ஆளுக்குப் பதினேழு. நமக்கு சராசரி பத்து."

"பத்தா?" என்றார் கீத். "நாப்பது நிமிஷம் எப்படிம்மா ஓட்டுறது?"

"முதல் பத்து நிமிஷம் நீயும் டுவேனும் வெள்ளைக் கொடியோட பாலத்துல நின்னு பேசுங்க. பேச்சுக்கு மருந்து செலவில்ல. அதுல உன்னை மிஞ்ச ஆளும் இல்ல."

டுவேனுக்குச் சிரிப்பில் ரொட்டி புரையேறியது.

"அப்புறம் வரிசை முழுக்கச் சேர்ந்து சுடாதீங்க. பாதிப் பாதியா சுடுங்க. சத்தம் ரெண்டு மடங்கு கேக்கும். அப்புறம், ஆறு பேரு சீக்கிரமா சாகணும். அவங்களுக்கு நாலு போதும். மிச்சம் பதினாறு பேருக்குப் பன்னெண்டு. லோர்ன், நீ முதல்ல சாகுற."

"நானா?" லோர்ன் எழுந்துவிட்டான். "வருஷா வருஷம் கடைசி வரைக்கும் நிக்கிறவன் நான்!"

"அதனாலதான். ஜனங்களுக்கு உன் முகம் பழக்கம். நீ விழுந்தா மனசு கலங்கும்."

லோர்ன் கொஞ்சம் யோசித்தான். "எந்த இடத்துல விழணும்?"

"மேப்பிள் மரத்து நிழல்ல."

"…சரி" என்றான்.

இரண்டு மணிக்குப் போர் தொடங்கியது. கீத்தும் டுவேனும் பாலத்தின் நடுவில் நின்று பேசினார்கள். கீத் எங்கள் ஆலையின் வரலாற்றை எடுத்துவிட்டார். டுவேன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். பன்னிரண்டு நிமிடம் போனது. பிறகு முதல் வெடி. லோர்ன் தன் நான்கையும் நிதானமாகச் சுட்டுவிட்டு, நெஞ்சைப் பிடித்து, மூன்று அடி தள்ளாடி, நிழல் பார்த்து விழுந்தான். கூட்டத்தில் ஒரு பெண்மணி "ஐயையோ" என்றது எங்களுக்குக் கேட்டது. வெர்னா சொன்னது பொய்யில்லை.

பாதிப் பாதியாகச் சுட்டது நன்றாகவே வேலை செய்தது. வெண்டல்கூட ஒவ்வொரு தோட்டாவையும் கையில் எடுத்ததும் ஒருமுறை பார்த்துக்கொண்டே கிழித்தான். முப்பது நிமிடம் எல்லாம் அவள் எழுதியபடியே நடந்தது. பிறகு அமெரிக்கர்கள் பக்கம் சத்தம் சன்னமானது. ஒன்று, இரண்டு, பிறகு எதுவுமில்லை. புகை விலகியபோது பார்த்தால், பாலத்தில் முன்வரிசையில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த வருடம்தான் புதிதாகச் சேர்ந்தவர்களில் பத்துப் பதினைந்து பேர், ஆர்வத்தில் பதினேழையும் கொட்டித் தீர்த்துவிட்டிருந்தார்கள். குறுகலான பாலத்தில் பின்னால் நின்றவர்கள் அவர்களைத் தாண்டிச் சுட முடியாது. எங்களிடம் ஆளுக்கு இரண்டு மூன்று இருந்தது.

"இப்ப சுட்டா ஜெயிச்சிடுவோம்" என்று என் காதில் சொன்னான் வெண்டல். அவன் கண் பளபளத்தது.

கீத் வாளை உயர்த்தியபடி நின்றார். சுடச் சொல்லவும் முடியவில்லை, சும்மா நிற்பவனைப் பார்த்து ஓடச் சொல்லவும் முடியவில்லை.

நான் திரும்பி வேலிப் பக்கம் பார்த்தேன். வெர்னா பெட்டியைத் திறந்துகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கென்று கட்டி வைத்திருந்த தோட்டாக்களில் கைவைக்க அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நாளைய விருந்துக்கு வைத்த மாவை இன்று எடுப்பவள் அல்ல அவள். கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தாள். பிறகு இரண்டு கை நிறைய அள்ளிப் பாவாடைமேல் கட்டியிருந்த மேல்துணியில் போட்டு, அதை ஒரு கையால் சேர்த்துப் பிடித்து, மறுகையில் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு, எங்கள் வரிசையை விலக்கி முன்னால் நடந்தாள்.

"யாரும் சுடாதீங்க!" என்று கத்தினார் கீத். "துப்பாக்கிய இறக்குங்க! வெர்னா, எங்க போற?"

"தண்ணி குடுக்க" என்றாள் அவள், நிற்காமல்.

மேடுபள்ளமான புல்லில், பாவாடை காலில் தடுக்க, வாளித் தண்ணீர் தளும்பத் தளும்ப, நூறு கஜம் நடந்தாள். இரண்டு படையும் பார்த்துக்கொண்டு நின்றது. ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தவர் ஒரு கணம் விழித்துவிட்டு, "எதிரிக்கும்… தாகம் தணிக்கும்… ஹாலவே ஊர்ப் பெண்!" என்றார். யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள்.

பாலத்தில் நடந்த பேச்சை டுவேன் பிறகு எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தான். அவன் குனிந்து அவளுடைய மேல்துணிக்குள் எட்டிப் பார்த்தானாம்.

"அம்மணி, இதுக்குப் பேரு தேசத் துரோகம்."

"வாய மூடிட்டு எடு. இல்லாதவன் மட்டும் எடுக்கணும். நாலு நாலுதான். ஏய் மீசை, உன்னைத்தான், அஞ்சாவது எடுக்காத."

"நாங்க உங்க ஆலையக் கொளுத்தப் போறோம்."

"தெரியும். சீக்கிரம் கொளுத்துங்க. நாலு மணிக்கு எனக்கு அடுப்புல வேலை இருக்கு."

வாளித் தண்ணீரையும் உண்மையிலேயே ஆளுக்கு ஒரு குவளை கொடுத்துவிட்டுத்தான் ஓரமாக ஒதுங்கினாள். அவள் வேலியைத் தாண்டும்வரை இரண்டு பக்கமும் காத்திருந்தது. பிறகு அமெரிக்கர்கள் சுட்டார்கள். அப்படி ஒரு வெடியை நான் கேட்டதில்லை. பதினைந்து துப்பாக்கியும் ஒரே மூச்சில். கீத் நன்றியோடு வாளை இறக்கி, "ஓடுங்கடா!" என்றார். நாங்கள் ஓடினோம். வெண்டல் கடைசித் தோட்டாவைச் சுடாமல் கையில் பிடித்துக்கொண்டே ஓடினான். ஆலை என்று நிறுத்தியிருந்த தட்டிக்குப் பின்னாலிருந்து புகை கிளம்பியது. கூட்டம் எழுந்து நின்றது.

லோர்ன் எதையும் பார்க்கவில்லை. மேப்பிள் நிழலில் தூங்கிப்போயிருந்தான். குறட்டைச் சத்தம் கேட்டுக் கயிற்றருகே இருந்தவர்கள் அவனைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

போர் முடிந்ததும் ஒரு பெரியவர் கீத்திடம் வந்தார். "அந்தத் தண்ணி கொண்டுபோன அம்மா, அது நிஜமா நடந்ததா சார்? எந்தப் புத்தகத்துலயும் படிச்சதில்லையே" என்று கேட்டார். கீத் வாழ்நாளில் ஒருவரிடமும் தப்பான வரலாறு சொன்னதில்லை. முகம் சிவந்துவிட்டது. "புத்தகத்துல இல்லீங்க" என்றார். "இன்னிக்குத்தான் நடந்துது."

மாலையில் எல்லோரும் ஒரே கூடாரத்தில் சாப்பிட்டோம். இரண்டு படைக்காரர்களும் குனிந்து குனிந்து புல்லில் கிடந்த தோட்டாக் காகிதங்களைப் பொறுக்கினோம். திங்கட்கிழமை மாடு மேய வேண்டிய நிலம். "நாளைக்கும் அந்த நடை நடப்பியா?" என்று கேட்டான் டுவேன். "ஜனங்க அதைத்தான் பேசுறாங்க."

"மாட்டேன்" என்றாள் வெர்னா. "இன்னிக்கு அது அவசரம். நாளைக்கு நடந்தா அது கூத்து."

"அப்ப நாளைக்கு எத்தனை?"

"உனக்குப் பதினஞ்சு. அந்தப் புது ஆளுங்க பையில முதல்ல எட்டுதான் போடுவ. மிச்சத்த நீ வெச்சுக்கிட்டு பதினஞ்சு நிமிஷம் கழிச்சுக் குடு."

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கவலையே வேண்டியிருக்கவில்லை. போர் தொடங்கி இருபதாவது நிமிடம் ஏரிப் பக்கமிருந்து மழை வந்தது. சாரலில்லை, கொட்டல். கிண்ணத்தில் வைத்த மருந்து கஞ்சியாகிவிட்டது. நான்கு தடவை கல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு, வெற்றி தோல்வி பாராமல் ஐம்பத்தாறு பேரும் ஊர்க் கூடத்துக்கு ஓடினோம். ஈரக் கம்பளி நாற்றத்தில், நீராவி எழும்ப, வெண்ணெயும் சர்க்கரைப் பாகும் நிரப்பிய சின்ன அடைகளைத் தின்றுகொண்டு, டுவேனும் வெண்டலும் மேசையில் கையூன்றி மல்லுக்கட்டினார்கள். வெண்டல் ஜெயித்தான். அதைவிட அவனுக்கு வேறு என்ன வேண்டும்?

அந்த செப்டம்பரில் டுவேன் வெர்னாவை அக்கரைக்கு அழைத்தான். அங்கே அவர்கள் ஊரில் ஒரு போர். "நீ ஒண்ணும் கொண்டு வரக் கூடாது. ஒரு தோட்டா, ஒரு ரொட்டி எதுவும். கையை வீசிட்டு வா" என்று தொலைபேசியில் மூன்று தடவை சொன்னான். லோர்னும் அவளும் போனார்கள். பின்னிருக்கையில், லோர்னுடைய துப்பாக்கியும் என்னுடையதுமாக, நானும் போனேன்.

டுவேனின் மனைவி ஜோனி மரத்தடியில் வெர்னாவுக்கு நாற்காலி போட்டு, உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையும் வெங்காயம் வதக்கிய நெய்யும் தட்டில் வைத்துக் கொடுத்தாள். வெர்னா முதல் அரை மணி நேரம் தவித்தாள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து, மருந்து வண்டிப் பக்கம் நடந்து, "எத்தனை வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு வந்தாள். மூன்றாவது தடவை ஜோனி அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"குறைஞ்சா குறையட்டும். அது டுவேன் தலைவலி. உனக்கு இன்னும் ரெண்டு வைக்கட்டுமா?"

"வை" என்றாள் வெர்னா.

பிறகு எழவில்லை. காலைப் புல்லில் நீட்டிக்கொண்டாள். ஜோனி கொழுக்கட்டை மாவுக்குப் புளித்த பாலாடை சேர்ப்பதைப் பற்றிச் சொன்னாள். முட்டை எத்தனை என்று வெர்னா கேட்டாள். எதிரே யார் யாரையோ துரத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருமே பார்க்கவில்லை.

திரும்பும்போது எல்லைப் பாலத்தில் லோர்ன் வண்டியை நிறுத்தினான். கூண்டுக்குள் இருந்த அதிகாரி குனிந்து பார்த்தார். பின்னால் இருந்த நீளப் பையைக் காட்டி என்ன என்று கேட்டார்.

"சக்கிமுக்கித் துப்பாக்கிங்க" என்று காகிதத்தை நீட்டினான் லோர்ன். "பழைய மாதிரி. நடிக்கிறதுக்கு."

"வெடிமருந்து ஏதாவது?"

"இல்லீங்க" என்றாள் வெர்னா, அவனை முந்திக்கொண்டு. "நான் இன்னிக்கு விருந்தாளி."

அதிகாரி அவள் மடியில் இருந்த மூடி போட்ட பெரிய பாத்திரத்தைப் பார்த்தார். "அது?"

"கொழுக்கட்டை. உருளைக்கிழங்கு. முப்பது இருக்கு. நீங்க சாப்பிட்டீங்களா?"

அவர் சிரித்துவிட்டு, போகும்படி கையைக் காட்டினார். பாலத்தை விட்டு இறங்கி, எங்கள் ஊர்ச் சாலையில் திரும்பியதும் வெர்னா மூடியைத் திறந்து எனக்கு ஒன்று, லோர்னுக்கு ஒன்று கொடுத்துவிட்டு, தானும் ஒன்றை எடுத்துக்கொண்டாள்.